சொற்பேதம் கண்டவர்கள்

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சு பாஷை நெடுங்காலம் ஆட்சி செலுத்தியதன் பயனாக, போதல், வருதல் போன்ற எளிய கிரியைகளுக்குக்கூட ‘கோ’, ‘கம்’ என்னும் நாட்டுச் சொற்களின் அருகே ‘டிபார்ட்’, ‘அரைவ்’ முதலிய சொற்களும் குடியேறி நிலைத்துவிட்டன. இவற்றுள் எதை எங்கே பிரயோகிப்பது என்று ஆராய்வதையே பணியாகக் கொண்ட பரம்பரை ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றிற்று.

பிரான்ஸில் கிரார் பாதிரியார் 1718-இல் வழிகாட்ட, ஜான் டிரஸ்லர் 1766-இல் ஆங்கிலத்தில் நூல் செய்தார். ஆயினும் என் உள்ளத்தைக் கவர்வது, 1794-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த ஹெஸ்டர் பியோஸியின் கிரந்தமே. அகராதி ஆசிரியர் டாக்டர் ஜான்ஸனின் நெடுநாள் சிநேகிதியாயிருந்து, இத்தாலிய சங்கீத வித்துவான் ஒருவரை மறுமணம் புரிந்தமையால் அப்பெரியாரின் நட்பையே இழந்த இவ்வம்மையார், சம்பாஷணையில் சொல்லைத் தேரும் முறையை விளக்கி, ஆங்கிலம் பயிலும் அந்நிய நண்பர்களுக்கே அந்நூலைச் சமர்ப்பித்தார். 1816-இல் ஜார்ஜ் கிராப் மேலும் விரிவாக, ‘வாண்டர்’, ‘ஸ்ட்ரோல்’, ‘ராம்பிள்’, ‘ரோம்’ என்பவற்றை ஒருங்கே நிறுத்திப் பேதம் கண்டார். அவசரமின்றி உலாவுவது ‘ஸ்ட்ரோல்’. இலக்கின்றியோ வழி தப்பியோ அலைவது ‘வாண்டர்’. பரந்த வெளியில் திரிவது ‘ரோம்’. இந்த நுட்பம் தெரியாதவன், மாலையில் கடற்கரையில் உலாவியவனை வழி தெரியாமல் அலைந்தவனாக்கிவிடுவான்.

வைத்தியர் பீட்டர் மார்க் ரோஜே சென்ற வழி வேறு. 1805-இல் சொந்த உபயோகத்துக்காகத் தொடங்கிய சொற்பட்டியலைத் தமது 73-ஆம் வயதில், 1852-இல், அவர் பிரசுரித்தபோது, இடத்தைப் பற்றிய வகுப்பினுள் சலனத்துக்கென ஒரு பிரிவு வகுத்து, ஏறுதலுக்கு எதிரே இறங்குதலையும், புறப்படுதலுக்கு எதிரே சேர்தலையும் நிறுத்தினார். ஆனால் அர்த்தபேதம் ஒன்றும் கூறவில்லை. தாய்மொழியாளனுக்கு அது போதும். ஏட்டில் ஆங்கிலம் கற்றவனுக்குப் போதாது என்பதே என் அபிப்பிராயம்.

தமக்கு முன்னோடியான நூல்களுள் மிகப் பழையதாக, கோல்புரூக் மொழிபெயர்த்து 1808-இல் ஸெராம்பூரில் அச்சான அமரகோசத்தை ரோஜே தம் முகவுரையில் குறிப்பிடுகிறார். செயல் பற்றிய பெயர்களுக்கு ஒரு தொகுதியை ஒதுக்கிய நம் திவாகர நிகண்டும் அந்த இனத்ததே. நிகண்டை நெட்டுருச் செய்த மாணாக்கனுக்குப் பிரயோகத்தைக் காட்ட ஆசான் அருகில் இருந்தார். ரோஜேயின் நூலைத் திறக்கும் அந்நியனுக்கோ, அவ்வாசானின் ஸ்தானத்தில் பியோஸி அம்மையாரும் கிராபும் இன்றும் வேண்டப்படுகிறார்கள்.