திருப்பூர் மாமன்றத்தில் மாற்றுத்திறனாளிக்கு ஒரு இருக்கை: பேசலாம், ஓட்டு போட முடியுமா?

திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டுகள், 60 கவுன்சிலர்கள். எல்லோரும் 2022 பிப்ரவரி 19-ம் தேதி நடந்த தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். இவர்களோடு, தேர்தலில் நிற்காமலேயே ஒருவர் உறுப்பினராக உட்கார சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த இடம் மாற்றுத்திறனாளிக்கு மட்டும்.

நல்ல விஷயம்தானே, இதில் விளக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த உறுப்பினரால் என்ன செய்ய முடியும் என்பதில்தான் விஷயமே.

சட்டம் எப்படி வந்தது?

2025 ஏப்ரல் 16-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் பேரவையில் இரண்டு மசோதாக்களைத் தாக்கல் செய்தார். ஒன்று, 1998-ம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தைத் திருத்த. இன்னொன்று, 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்த. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என எல்லா மட்டத்திலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கலாம் என்பதுதான் சாரம். நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பது அரசு சொன்ன கணக்கு. மசோதாக்கள் பிறகு சட்டமாகி, நகர்ப்புற இடங்களுக்கு 2025 ஜூலையில் விண்ணப்பமும் வாங்கினார்கள்.

அதற்கு முன்பு நகர்ப்புற உள்ளாட்சிகளில் எத்தனை மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் இருந்தார்கள்? முதல்வர் சொன்ன எண்ணிக்கை வெறும் 35. 2022-ல் தேர்தல் அறிவிக்கப்பட்ட வார்டுகள் 12,838. ஆயிரத்துக்கு மூணு பேர்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள், அதாவது ஆயிரத்துக்கு 16 பேர்.

ஏன் இவ்வளவு குறைவு?

உள்ளாட்சியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் 2016 முதல் பெண்களுக்கு 50 சதவீதம். மாற்றுத்திறனாளிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் கொடுத்தது, தேர்தலில் நிற்கும் இடங்களைத் தொடவில்லை.

ஓட்டு போடுவதில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் வந்துவிட்டது. வாக்குச்சாவடியில் சாய்தளம், இயந்திரத்தில் பிரெய்ல் எழுத்து, பார்வையற்றவர் கூட்டிக்கொண்டு போக ஒரு துணை, சட்டமன்றத் தேர்தலில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்கு. ஓட்டு கேட்டு வீதி வீதியாக நடப்பவராக மாறும்போதுதான் சிக்கல். பிரசாரத்துக்கு வண்டி, கூட ஆள், சைகைமொழி பெயர்ப்பாளர் என்று செலவு இரட்டிப்பாகும். கட்சிகள் சீட் தருவதும் அபூர்வம்.

நியமன உறுப்பினர் ஓட்டு போடலாமா?

முடியாது. நகராட்சி மன்றங்களில் நியமிக்கப்படுபவர்களுக்குக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவே சொல்கிறது. பேசலாம், கேள்வி கேட்கலாம், கோரிக்கை வைக்கலாம். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பதவிக்காலமும் சின்னது. மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்துக்கு 2025-ல் ஒருவரை நியமித்தாலும் அவருக்குக் கிடைப்பது 2 வருஷத்துக்கும் குறைவு.

கிராமங்களில் நிலைமை இன்னும் விநோதம். திருப்பூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. சட்டம் வந்தபோது அங்கே உறுப்பினரை நியமிக்க மன்றமே இல்லை.

அப்படியானால் இந்த இருக்கையால் என்ன பயன்?

பேச்சுக்கும் எடை உண்டு, பேச விஷயம் தெரிந்திருந்தால். திருப்பூரில் அதற்கு ஒரு நேரடி உதாரணம், கட்டட அனுமதி. பனியன் கம்பெனிகளில் மாடியில் தையல், கீழே செக்கிங், பேக்கிங் என்று வேலை பிரிந்திருப்பது வழக்கம். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தையல் தெரிந்தாலும், லிஃப்ட் இல்லாத மாடி என்றால் அந்த வேலை இல்லை.

2016 சட்டத்தின் 44-வது பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரக்கூடாது என்கிறது. கட்டி முடித்ததற்கான சான்றும் கிடையாது. மாநகராட்சி எல்லைக்குள் அனுமதி தருவதில் மாநகராட்சிக்குப் பங்கு உண்டு. எத்தனை தொழிற்கூடங்களுக்கு இதைப் பார்த்து அனுமதி கொடுத்தீர்கள் என்று ஒரு உறுப்பினர் மன்றத்தில் கேட்டால், பதில் பதிவாக வேண்டும். 45-வது பிரிவின்படி பழைய பொதுக் கட்டடங்களையும் 5 ஆண்டுக்குள் மாற்றியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு முடிந்தது 2022 ஜூன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையிலிருந்து மன்றக் கட்டடம் வரை இது பொருந்தும்.

ஆனால் கேள்வி கேட்க முதலில் அஜெண்டா புரிய வேண்டும். ஸ்கேன் செய்த காகிதத்தை அனுப்பினால் பார்வையற்ற உறுப்பினரின் போன் அதைச் சரியாகப் படித்துக் காட்டாது. காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாவிட்டால் கூட்டம் முழுக்க வெறும் காட்சி. நாற்காலி கொடுப்பதைவிட இந்த ஏற்பாடுகளுக்குத்தான் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

வேறு நாடுகளில்?

உகாண்டா இதில் முன்னோடி. அங்கே நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 இடங்கள். உள்ளூர் மன்றங்களில் ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு பேர். இவர்களை அரசு நியமிப்பதில்லை, மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குரிமையும் உண்டு. நியமிக்கப்பட்டவர் நியமித்தவரைப் பார்த்துப் பேசுவார், தேர்ந்தெடுக்கப்பட்டவர் தேர்ந்தெடுத்தவரைப் பார்த்துப் பேசுவார். தமிழ்நாட்டுத் திருத்தத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

தேர்தலிலேயே நிற்க வேண்டுமென்றால்?

தாராளமாக நிற்கலாம், 21 வயது முடிந்திருக்க வேண்டும். திருப்பூரில் பலர் தடுமாறும் இடம் வேறு. வேலை இங்கே, ஓட்டு மதுரையிலோ தேனியிலோ. உள்ளாட்சியில் போட்டியிட அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முகவரி மாற்ற படிவம் 8 கொடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளி வாக்காளர் என்று பதிந்துகொள்வதற்கும் அதே படிவம்தான்.