கரு ஸ்டெம் செல்களின் மேற்பரப்புப் புரதங்கள்: அடையாளமும் செயலும்

கருக்கோளத்தின் உட்செல் திரளிலிருந்து பிரித்து வளர்க்கப்படும் கரு ஸ்டெம் செல், உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியது. அந்தப் பல்திறனைக் காப்பதா, கைவிட்டு வேறுபாடடைவதா என்பதை அதற்கு உணர்த்தும் வெளிச்செய்திகளில் மிகப் பல, சவ்வில் பதிந்த புரதங்களின் வழியாகவே உள்ளே செல்கின்றன. எலியின் கரு ஸ்டெம் செல்களை 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், சான் ஃபிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டினும் தனித்தனியே வளர்த்தெடுத்தனர். மனிதக் கரு ஸ்டெம் செல்களை 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு பெற்றது. அன்று முதல் இச்செல்களை இனங்காண ஒரு சிறு அடையாளப் பட்டியலே பெரிதும் பயன்பட்டுவருகிறது. அப்பட்டியல் செல்லைத் தெரிந்தெடுக்க உதவும். செல் எவ்வாறு தன் நிலையைக் காக்கிறது என்பதை விளக்காது. அதற்கு, மேற்பரப்பில் உள்ள புரதங்களை நேரடியாகக் கணக்கெடுத்து, அவற்றின் செயலைத் தனியே சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடையாளங்கள் தோன்றிய வழி

இப்பட்டியலின் வேர் புற்றுநோய் ஆய்வில் உள்ளது. 1978இல் டேவர் சோல்ட்டரும் பார்பரா நோல்ஸும் எலியின் எஃப்9 கருப்புற்றுச் செல்களுக்கு எதிராக ஒரு மோனோகுளோனல் எதிர்ப்பொருளை உருவாக்கினர். அது பிணைந்த இலக்கு எஸ்எஸ்இஏ-1 எனப் பெயர் பெற்றது. எஸ்எஸ்இஏ-3, எஸ்எஸ்இஏ-4 ஆகியவை 1980களின் தொடக்கத்தில் வந்தன. மனிதக் கருப்புற்றுச் செல்களைக் கொண்டு பீட்டர் ஆண்ட்ரூஸ் 1984இல் வெளியிட்ட எதிர்ப்பொருள்களின் இலக்குகளே டிஆர்ஏ-1-60, டிஆர்ஏ-1-81.

இவற்றில் எதுவும் புரதத்தின் அமினோ அமில வரிசை அன்று. எஸ்எஸ்இஏ-1 ஒரு சர்க்கரை அமைப்பு. எஸ்எஸ்இஏ-3, எஸ்எஸ்இஏ-4 இரண்டும் கொழுப்போடு இணைந்த சர்க்கரைச் சங்கிலிகள். மனிதரின் பி (P) ரத்த வகைத் தொகுதியோடு உறவுடையவை. டிஆர்ஏ இலக்குகள் போடோகேலிக்சின் என்னும் புரதத்தின் மீது அமர்ந்த சர்க்கரைகள். போடோகேலிக்சினோ சிறுநீரகத்தின் வடிகட்டும் செல்களிலும் ரத்தக்குழாயின் உட்சுவரிலும் இயல்பாகவே உள்ளது. ஆகவே ஸ்டெம் செல்லைப் பிரித்துக்காட்டுவது அப்புரதம் இருப்பது அன்று. அதன்மேல் ஏறிய சர்க்கரையின் வடிவமே. மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்று மட்டும் அளக்கும் ஆய்வில் இந்த வேறுபாடு தென்படவே தென்படாது.

இனத்துக்கு இனமும் அடையாளம் மாறுகிறது. வேறுபாடடையாத எலிச் செல்லில் எஸ்எஸ்இஏ-1 உண்டு, எஸ்எஸ்இஏ-3உம் 4உம் இல்லை. மனிதச் செல்லில் நிலை நேர் எதிர். அங்கே எஸ்எஸ்இஏ-1 தோன்றுவது வேறுபாடு தொடங்கியதன் அறிகுறி. பல்திறனுக்கே இச்சர்க்கரைகள் இன்றியமையாதவை என்றால் இத்தகைய தலைகீழ் மாற்றம் பொருந்தாது. மனிதச் செல்களில் எஸ்எஸ்இஏ-3, எஸ்எஸ்இஏ-4 உருவாவதைத் தடுத்த 2007ஆம் ஆண்டு ஆய்விலும் செல்கள் பல்திறனை இழக்கவில்லை.

செயல்புரியும் புரதங்கள்

செயலைத் தாங்கும் மூலக்கூறுகள் வேறு. எலிச் செல்லில் எல்ஐஎஃப் என்னும் காரணி தன் ஏற்பியையும் ஜிபி130 புரதத்தையும் இணைத்து, ஸ்டாட்3 என்னும் புரதத்தின் வழியே பல்திறனைக் காக்கிறது. மனிதச் செல்லிலும் இவ்வேற்பி உண்டு. எல்ஐஎஃப் சேர்த்தால் ஸ்டாட்3 தூண்டப்படவும் செய்கிறது. ஆயினும் வழக்கமான வளர்ப்பில் அது பல்திறனைக் காப்பதில்லை. அங்கே எஃப்ஜிஎஃப்2, ஆக்டிவின் ஆகியவற்றின் ஏற்பிகளே அப்பணியைச் செய்கின்றன. ஒரு புரதம் மேற்பரப்பில் இருப்பதும், அதன் சமிக்ஞை உள்ளே செல்வதும்கூட, செல்லின் விதியை அது முடிவு செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. அச்சான்று, புரதத்தை நீக்கியோ தடுத்தோ பார்க்கும் சோதனையில்தான் கிடைக்கும்.

அடுத்தடுத்த செல்களை இ-கேட்ஹெரின் பிணைக்கிறது. லாமினின் பூசிய தளத்தில் செல்லை ஆல்ஃபா6-பீட்டா1 இன்டெக்ரின் நிறுத்துகிறது. இப்பிணைப்புகளைத் துண்டித்து மனிதக் கரு ஸ்டெம் செல்களைத் தனித்தனியாகப் பிரித்தால் பெரும்பாலானவை மடிகின்றன. ராக் என்னும் நொதியைத் தடுக்கும் ஒய்-27632 சேர்த்தால் பிழைக்கும் எண்ணிக்கை வெகுவாகக் கூடும் என 2007இல் ஜப்பானில் காட்டப்பட்டது.

அளக்கும் முறையின் தாக்கம்

மேற்பரப்பைப் படிப்பதில் முதல் இடையூறு, செல்களைத் தட்டிலிருந்து எடுப்பதிலேயே தொடங்குகிறது. வழக்கமான டிரிப்சின் பல புரதங்களின் வெளிப்பகுதியை வெட்டிவிடும். கால்சியம் இருக்கும்போது இ-கேட்ஹெரின் டிரிப்சினைத் தாங்கும். கால்சியத்தைக் கவரும் இடிடிஏ சேர்ந்தால் அதே புரதம் சிதையும். ஒரே செல், ஒரே நொதி. கரைசலில் ஓர் அயனி இருப்பதும் இல்லாததும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வரைபடத்தை மாற்றிவிடும். எனவே பிரித்தெடுத்த முறையைச் சொல்லாத அளவீடு முழுமையானது அன்று.

எதிர்ப்பொருள், தேடுவதை மட்டுமே காட்டும். தேடாததையும் காண நிறை நிறமாலைமானி தேவை. ஆனால் சவ்வுப் புரதங்கள் அளவில் குறைந்தவை, நீரில் எளிதில் கரையாதவை. உட்செல் புரதங்களின் பெருக்கத்தில் அவை மறைந்துபோகும். 2009இல் பெர்ன்ட் வோல்ஷைடும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த மேற்பரப்புக் கவர்தல் முறை இதற்கு வழி காட்டியது. உயிருள்ள செல்லின் வெளிச்சர்க்கரைகள் பெர்அயோடேட்டால் மிதமாக ஆக்சிஜனேற்றம் செய்யப்பட்டு, அங்கே பயோட்டின் பிணைக்கப்படுகிறது. புரதங்கள் துண்டாக்கப்பட்டபின் சர்க்கரை ஏந்திய துண்டுகள் மட்டும் ஸ்ட்ரெப்டாவிடினில் பிடிபடுகின்றன. பிஎன்ஜிஏஸ் எஃப் நொதி அவற்றை விடுவிக்கையில் அஸ்பராஜின் அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறி, நிறை 0.984 டால்டன் கூடுகிறது. சர்க்கரை இருந்த இடத்தை அந்தச் சிறு மாற்றமே காட்டிக்கொடுக்கிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அஸ்பராஜினில் சர்க்கரை ஏறாத புரதங்கள் இதில் தப்பிவிடும். லைசினில் பிணையும் பயோட்டின் அவற்றையும் பிடிக்கும். ஆனால் இறந்த செல்களின் சிதைந்த சவ்வு வழியே உள்ளே புகுந்து உட்புரதங்களையும் குறியிடும். இரு முறைகளும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியவை.

வளர்ப்புச் சூழலும் அளவீட்டின் பகுதியே. மனிதர் உடலில் உருவாகாத நியூ5ஜிசி என்னும் சியாலிக் அமிலம், எலிச் செல்களின் மீதும் விலங்கு ஊனீரிலும் வளர்ந்த மனிதக் கரு ஸ்டெம் செல்களின் மேற்பரப்பில் ஏறியிருப்பதை 2005இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் கண்டனர். மனித ரத்தத்தில் இதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதால், அத்தகைய செல்கள் உடலில் தாக்கப்படக்கூடும்.

மருத்துவப் பயன்

வேறுபாடடையாத செல் ஒரு சிலவே எஞ்சினாலும் டெரட்டோமா கட்டி உருவாகலாம் என்பதே ஸ்டெம் செல் சிகிச்சையின் பெரும் அச்சம். 2008இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் விவரித்த எம்ஏபி 84 எதிர்ப்பொருள், போடோகேலிக்சினோடு பிணைந்து வேறுபாடடையாத மனிதச் செல்களைக் கொன்றது. அவ்வாறு பதப்படுத்திய செல்கள் எலிகளில் கட்டியை உருவாக்கவில்லை. ஆனால் போடோகேலிக்சின் முதிர்ந்த திசுக்களிலும் உண்டு. செலுத்தப்படும் செல் வகையிலும் அது இருக்குமானால், எதிர்ப்பொருள் தேவையான செல்லையும் தாக்குமா என்பதை ஒவ்வொரு வகைக்கும் தனியே சோதித்தாக வேண்டும்.

ஆகவே, மேற்பரப்புப் புரதம் ஒன்றைப் பல்திறனோடு இணைத்துப் பேசும் எந்த ஆய்வும் நான்கு கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: அளக்கப்பட்டது புரதமா அல்லது அதன்மேல் உள்ள சர்க்கரையா, செல் எவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டது, எந்த வளர்ப்பூடகத்தில் வளர்ந்தது, அப்புரதத்தை நீக்கினால் செல்லுக்கு என்ன நேர்கிறது. முதல் மூன்றும் அளவீட்டை நம்பத்தக்கதாக்கும். நான்காவதே அடையாளத்தைச் செயலோடு இணைக்கும்.