டயர் வால்வின் கதை

பல்லவர் சாளுக்கியரை வென்ற நம் மணிமங்கலத்தில் இப்போது விடியுமுன்னே ஒரகடம் ஷிப்டுக்கு ஸ்கூட்டர்கள் கிளம்பிவிடுகின்றன. அத்தனை பேர் உயிரும் சுண்டுவிரல் அளவு வால்வில்தான் இருக்கிறது.

1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்று டயர் செய்தார். சைக்கிளுக்கு வால்டியூப் (எச்சில் தொட்டு மாட்டுவோமே, அதுதான்). ஸ்கூட்டர், லாரி எல்லாவற்றிலும் இருப்பது ஷ்ரேடர் வால்வு. முக்குளிப்போருக்குக் கருவி செய்துவந்த நியூயார்க் குடும்பம் அது. 1893-இல் காப்புரிமை பெற்றார்கள்.

டியூப்லெஸ் டயரில் வால்வு ரிம்மிலேயே உட்காருகிறது. உள்ளே பின் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். அடி ரப்பர் வெடித்திருந்தால் முழுசும் மாற்ற வேண்டும். புது டயர் போட்டுப் பழைய வால்வை விட்டுவைப்பது வீண் சிக்கனம். ரிம் துளைக்குப் பொருந்தும் அளவாகக் கேளுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி உள்ளிருந்து இழுத்தால் துளையில் பள்ளம் வந்து உட்காரும். காற்றடித்தபின் அடியில் மறுபடி சோப்புத் தண்ணீர் விடுங்கள், நுரைத்தால் கசிகிறது.