சாகுல் ஹமீது என்றொரு பெயர்

நாம் வாழும் குடவாசலுக்குச் சங்க நூல்கள் வழங்கும் பெயர் குடவாயில் என்பதாகும். சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையிருந்தது குடவாயிற் கோட்டத்தில் என்று புறநானூற்றுப் பாடற்குறிப்பு கூறுகிறது. குடவாயிற் கீரத்தனார் என்ற புலவர் இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர். காலப்போக்கில் வாயில் மக்கள் நாவில் வாசலாயிற்று. ஒலி தேய்ந்தது, பொருள் தேயவில்லை. ஊர்ப் பெயருக்கு நேர்ந்ததே ஆட்பெயர்களுக்கும் நேர்கிறது. ஆனால் ஆட்பெயர்களில் சில நேரங்களில் ஒலியும் போய், பொருளும் மறந்து, பெயரே வழக்கொழிந்து போவதுண்டு.

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், நம்மூர்ப் பெரியவர் ஒருவரின் இல்லத்திலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. பேரன் பிறந்து ஐந்து நாள்களாகியிருந்தன. ஏழாம் நாள் அகீகா. குழந்தையின் தந்தை துபாயில் இருக்கிறார். அவர் தொலைபேசி வழியே மூன்று புதுப்பெயர்களை எழுதி அனுப்பியிருந்தார். பாட்டனாரின் பெயர் சாகுல் ஹமீது. தலைப்பேரனுக்குப் பாட்டனார் பெயரிடுவது அவ்வீட்டு வழக்கம். மகனோ, "பழங்காலத்துப் பெயர், பாஸ்போர்ட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், மார்க்கப்படியும் அது சரியில்லை என்று இங்கே சொல்கிறார்கள்" என்று கூறிவிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் அமர்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்தார். "ஹஜ்ரத், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார்கள் வீட்டார். ஒருநாள் தவணை கேட்டு வந்தோம். மறுநாள் நாம் அவர்களிடம் கூறியவற்றை விரித்து எழுதியதே இக்கட்டுரை.

முதலில் சொற்பொருளைக் காண்போம். ஷாஹ் என்பது பாரசீகச் சொல். அரசன் என்பது பொருள். ஹமீது என்பது அரபுச் சொல். ஹா, மீம், தால் என்னும் மூன்று எழுத்துகளே அதன் வேர். புகழுக்குரியவன் என்பது பொருள். முஹம்மது, அஹ்மது, மஹ்மூது, ஹாமிது ஆகிய பெயர்களும், நாம் நாள்தோறும் ஓதும் அல்ஹம்து என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தவையே. ஹாமிது என்றால் புகழ்பவன்; ஹமீது என்றால் புகழப்படுபவன். நெடில் இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. அல்ஹமீது என்பது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்று. திருமறையின் இப்ராஹீம் அத்தியாயத்து முதல் வசனம் அத்திருநாமத்தோடுதான் முடிகிறது.

இவ்விரு சொற்களையும் இணைத்து நிற்பது 'உல்' என்னும் ஒட்டு. அதில் உகரம் முற்சொல்லின் வேற்றுமைக் குறி. லகரம் பிற்சொல்லின் முன்னொட்டு. ஆகவே 'சாகுல்' என்று மட்டும் அழைப்பது சொற்றொடரைப் பாதியில் அறுப்பதாகும். 'அப்துல்' என்று மட்டும் அழைப்பதும் அவ்வாறே. அடிமை என்று சொல்லி, யாருக்கு அடிமை என்பதைச் சொல்லாமல் விட்ட கதைதான் அது. பாரசீகச் சொல்லை அரபு இலக்கணத்தால் கட்டி, இறுதியில் தமிழ் உகரம் ஏற்றி, 'ஹமீத்' என்பதை 'ஹமீது' ஆக்கி வைத்திருக்கிறோம். மூன்று மொழிகள் கைகோத்து நிற்கும் பெயர் இது.

மார்க்கப்படி சரியில்லை என்பார் காட்டும் ஆதாரத்தையும் மறைக்கலாகாது. 'மலிகுல் அம்லாக்' - அரசர்க்கரசன் - என்று ஒருவன் பெயரிட்டுக் கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். அந்நபிமொழியை அறிவிப்பவருள் ஒருவரான சுஃப்யான் அவர்கள், பாரசீகரின் 'ஷாஹான் ஷாஹ்' என்பதும் அத்தகையதே என விளக்கினார்கள். இது புகாரியில் உள்ளது. ஆனால் அங்கே தடுக்கப்படுவது, இறைவனுக்கே உரிய தனித்தகுதியை மனிதன் தன் தலைமேல் ஏற்றிக் கொள்வதே. துணைக்கண்டத்தில் ஷாஹ் என்பது ஸய்யிதுகளுக்கும் ஞானவழிப் பெரியார்களுக்கும் வழங்கிய மதிப்புச் சொல். தில்லியின் பேரறிஞர் ஷாஹ் வலியுல்லாஹ் (1703 - 1762) எந்நாட்டையும் ஆண்டவரல்லர். அவர் பெயரிலுள்ள ஷாஹ் எதுவோ, அதுவே சாகுல் ஹமீதிலும் உள்ளது என்பது நம் கருத்து.

இனி, இப்பெயர் நம் நாட்டில் பரவிய வரலாறு. குடவாசலிலிருந்து திருவாரூர் வழியே கிழக்கே சென்றால் கடற்கரையில் நாகூர். அங்கே அடங்கியிருக்கும் ஸய்யிது அப்துல் காதிர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்கள் பதினாறாம் நூற்றாண்டினர். வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்தவர்கள் என்பது மரபு. தஞ்சை நாயக்க மன்னர் காலத்தில் அவர்கள் இப்பகுதிக்கு வந்ததாக வரலாறு கூறுவர். 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங், 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவை எழுப்பித் தந்தார். அம்மினாரா கடலில் வரும் கலங்களுக்குக் கண்ணில் படும் முதல் அடையாளமாயிற்று.

கலம் ஏறியவர்கள் பெயரையும் ஏற்றிச் சென்றார்கள். பினாங்கில் சூலியா தெருவிலும், சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்காவின் நினைவுக் கட்டடங்கள் எழுந்தன. சிங்கப்பூர்க் கட்டடம் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலும் அப்பெரியாரின் பெயரால் கொடியேற்றம் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர் சென்ற இடமெல்லாம் சாகுல் ஹமீதுகளும், மீரான்களும், காதிர் ஒலிகளும், நாகூர் மீரான்களும் பிறந்தார்கள். தஞ்சைத் தரணியின் இந்துக் குடும்பங்களிலும் நாகூரான் என்ற பெயர் உண்டு என்பதை நம் வயதினர் அறிவர். கதிர் விளையும் மண்ணில் இருவர் வரப்பும் ஒன்றுதானே!

இவ்விடத்தில் வாசகர்களைச் சற்றுத் தொலைவு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்கில், யொரூபா என்னும் பெருமக்கள் வாழ்கின்றனர். அவர்களிடையே முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்திருக்கின்றனர். குழந்தை பிறந்த எட்டாம் நாளில் தேனும் உப்பும் நாவில் தொட்டுவைத்துப் பெயரிடுவது அவர்கள் வழக்கம். அம்மொழியில் சொற்கள் உயிரெழுத்தில் முடியும். ஆகவே அப்துல் ஹமீத் என்ற அரபுப் பெயர் அங்கே 'லமிதி' ஆயிற்று. நாம் இறுதியில் உகரம் சேர்த்தோம். அவர்கள் இகரம் சேர்த்தார்கள்! நம் பாமரர் ஹகரத்தை விட்டு 'அமீது' என்பார். அவர்களும் அதை விட்டுவிட்டார்கள். ஓயோ நாட்டு மரபரசராக 1970 முதல் 2022இல் மறையும் வரை வீற்றிருந்தவர் லமிதி அதேயெமி. ஒரே அரபுச் சொல் காவிரிக் கரையில் ஓர் உருவும், ஆப்பிரிக்கக் காட்டோரத்தில் ஓர் உருவும் எடுத்து நிற்கிறது. இரண்டையும் திருத்த வேண்டும் என்று எந்த அரபியும் கேட்டதில்லை.

யொரூபா மக்களிடம் வேறொரு வகைப் பெயருண்டு. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் பின்னர்ப் பிறக்கும் மகவுக்கு 'கோகூமோ' என்று பெயரிடுவர். இனி இறக்காது என்பது பொருள். 'மாலோமோ' என்பர்; இனிப் போகாதே என்பது பொருள். 'துரோஜையே' என்பர்; நின்று வாழ்வைத் துய்ப்பாயாக என்பது பொருள். அவை பெயரல்ல, தாயின் மன்றாட்டு. இன்று மருத்துவம் வளர்ந்து குழந்தைகள் பிழைக்கும் காலத்தில் இப்பெயர்களுக்கு முன்போல் தேவையில்லை. ஆனால் அப்பெயரைத் தாங்கிய முதியவர் ஒருவரை நோக்கி, உமது பெயர் நாகரிகமற்றது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நமக்கு ஒருமுறை வந்தது. வெட்கத்தோடு இதை எழுதுகிறோம். மதரஸாவில் ஸனது பெற்ற புதிதில் வேறோர் ஊரில் மக்தபில் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். ஒரு சிறுவனின் பெயர் பிச்சை. "இது என்ன பெயர்? முஸ்லிம் பிள்ளைக்கு இரவலன் பெயரா?" என்று பிள்ளைகள் முன்னிலையில் கேட்டு, பதிவேட்டில் அழகான அரபுப் பெயர் ஒன்றை நாமே எழுதிவிட்டோம். மாலையில் அவன் தாய் முக்காட்டைப் பற்றியபடி வாசலில் வந்து நின்றார். "மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தேன் ஹஜ்ரத். இவனை அல்லாஹ்விடம் கையேந்தி வாங்கினேன். அதனால்தான் அந்தப் பெயர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினோம். அதாவுல்லாஹ், ஹிபதுல்லாஹ் என்ற பெயர்களைப் போற்றுகிறோம். அல்லாஹ்வின் கொடை என்பது அவற்றின் பொருள். கொடுப்பவன் பக்கமிருந்து பார்த்தால் அது ஹிபா. ஏந்திய கையின் பக்கமிருந்து பார்த்தால் அதுவே பிச்சை. அந்தத் தாய் தமிழில் சொன்னதை நாம் அரபியில் மட்டுமே அறிந்திருந்தோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீய பொருளுடைய பெயர்களை மாற்றினார்கள் என்பது உண்மை. கடினம் என்னும் பொருள்பட ஹஸ்ன் என்ற பெயர் கொண்ட ஒருவரை எளிமை என்னும் பொருள்பட ஸஹ்ல் ஆகுமாறு அழைத்தார்கள். அவர், தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்றார். அவருடைய குடும்பத்தில் அக்கடினம் நீடித்தது என அவர் பேரர் ஸஈத் இப்னுல் முஸய்யிப் வருந்திக் கூறினாரே அல்லாமல், பெயர் வலிந்து மாற்றப்பட்டதாகச் செய்தி இல்லை. நாமோ பொருளைக் கேட்குமுன்பே எழுதுகோலை எடுத்துவிட்டோம். மறுநாள் பதிவேட்டில் பழைய பெயரையே திரும்ப எழுதினோம்.

ஆகவே குடவாசல் வீட்டில் நாம் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. மேற்சொன்ன விளக்கங்களைக் கூறிவிட்டு, "மூன்று புதுப்பெயர்களும் நல்லவையே, அத்தாவின் பெயரும் நல்லதே. பெயரிடும் உரிமை தந்தையுடையது. ஆனால் ஒன்று செய்யுங்கள்: உங்களுக்கு இந்தப் பெயரை ஏன் இட்டார்கள் என்று அத்தாவிடம் கேளுங்கள்" என்றோம். தொலைபேசியில் மகன் கேட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பெயரைச் சுமந்தவரிடம் அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை!

பெரியவர் தஸ்பீஹை மடியில் வைத்தார். தமக்கு முன் பிறந்த இருவர் பால்குடி மறக்குமுன் மறைந்ததையும், தம் தாய் நடுநிசித் தொழுகையில் அழுது கேட்டதையும், தாம் பிறந்த செய்தியைத் தந்தையார் நாகூர்க் கந்தூரிக்குச் சென்றிருந்த இடத்தில் கேட்டதையும், அங்கேயே இப்பெயரை முடிவு செய்து வீடு திரும்பியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மருமகளும் கேட்டுக் கொண்டிருந்தார். தொலைவில் மகனும் கேட்டுக் கொண்டிருந்தார். இறுதியில் பெரியவரே, "உனக்குப் பிடித்த பெயரையே வை தம்பி. எனக்கு ஒரு குறையுமில்லை" என்றார். அவர் குரலில் கசப்பு இல்லை.

ஏழாம் நாள் ஆடு அறுக்கப்பட்டது, தலைமுடி இறக்கப்பட்டது. என்ன பெயர் என்று கேட்டோம். தொலைபேசியில் தந்தை விடையிறுத்தார்: "சாகுல் ஹமீது. பாதியில் அறுக்காமல் முழுமையாகக் கூப்பிடச் சொல்லுங்கள்."

மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூசும் மருமகள் அக்குழந்தையைச் 'சின்னத்தா' என்றுதான் அழைக்கிறார் என்று பின்னர் அறிந்தோம். அதுவும் நம் மண்ணின் மரபே. பெயர் பதிவேட்டில் முழுமையாக இருக்கிறது.

வாசகர்கள் தம் பிள்ளைகளுக்கு எப்பெயரையும் இடட்டும். நற்பொருள் உடையதா என்பது மட்டுமே மார்க்கம் கேட்கும் கேள்வி. ஆனால் பழைய பெயரொன்றைக் கைவிடுமுன், அதைத் தாங்கியவர் உயிரோடிருந்தால் அவரருகே சற்று அமர்ந்து, அது வந்த வழியைக் கேட்டு வையுங்கள்.