உப்பு இலாகாவும் நாவலும்

ஓடுகிற ரயிலில் நாவல் எழுத முடியுமா என்ற கேள்விக்கு ஆண்டனி டிராலப் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் தபால் இலாகா உத்தியோகஸ்தர். ஊர் சுற்றுவதே வேலை. மடியில் வைத்துக்கொள்ள ஒரு சிறு பலகை செய்துகொண்டு பென்சிலால் எழுதினார், மனைவி பிரதி எடுத்தாள். 1857இல் வெளிவந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ பெரும்பகுதி இப்படி எழுதப்பட்டதுதான். அதற்கு முந்தைய வருஷம், 1856 ஜூலையில், ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் நமக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேற 1879 ஆயிற்று.

தமிழில் டிராலப்புக்கு இணையாக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அ. மாதவையாதான் (1872–1925). உப்பு, ஆப்காரி இலாகாவில் ஏறக்குறைய முப்பது வருஷம். உப்பு சர்க்காருக்கு வரி தரும் சரக்கு. அளத்தைக் காவல் காப்பதும், குவியலை அளப்பதும், கள்ள உப்புப் பிடிப்பதும் இலாகாவின் வேலை. ஓரிடத்தில் உட்கார விடாத உத்தியோகம். அவருடைய நாவல்களின் அச்சு வரலாற்றைப் பார்த்தாலே இது தெரியும். 1892இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த ‘சாவித்திரி சரித்திரம்’ பாதியில் நின்று, 1903இல் ‘முத்துமீனாக்ஷி’யாக உருமாறி வந்தது. ‘பத்மாவதி சரித்திரம்’ முதல் பாகம் 1898, இரண்டாவது 1899. மூன்றாவதற்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது. வேலையை விட்ட பிறகு, 1924இல் தாமே தொடங்கிய ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகையில்தான் அதை எழுதினார். 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் சபையில் தமிழுக்காகப் பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே இறந்துபோனார். மூன்றாம் பாகம் முடியவில்லை.

நம் விமர்சகர்கள் ஆரம்பகால நாவல்களின் உருவக் குறையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்த உருவத்தில் எழுதியவனின் டூர் புரோகிராமுக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. வீடு திருவள்ளூர், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். இரண்டும் ஒரே மாவட்டம் என்று பெயர். ரயிலில் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாறி மறுபடி வடக்கே போக வேண்டும். முதல் வண்டியில் நிற்க இடம் கிடைத்தால் பெரிது. இரண்டாவதில் உட்காரலாம், எழுதலாம். அனுபவத்தில் கண்டது: ஓடும் வண்டியில் சம்பாஷணை வரும், வர்ணனை வராது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ வண்டியை நிறுத்தினால் ஒரு பத்தி தேறும். விட்ட இடத்தைப் பிடிக்க முந்தின நாள் எழுதிய கடைசி வரியைப் பாதியிலேயே நிறுத்திவைப்பது நல்லது. (முழுதாக முடித்த அத்தியாயம் மறுநாள் அந்நியமாகிவிடுகிறது.)

ஆனால் நேரம் இல்லை என்பது பிரச்னையின் சின்னப் பகுதிதான். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டில் ஒரு காலத்தில் உப்பளம் இருந்த பக்கம் இன்று அனல்மின் நிலையமும் நிலக்கரியும். எதிர் பெஞ்சில் உருக்காலைக்குப் போகும் ஒடியா பேசும் பையன்கள். மடியிலுள்ள காகிதத்தில் எழுதப்படுவதோ திருவள்ளூரில் ஒரு கூட்டுக் குடும்பத்தின் பாகப்பிரிவினை. பயணம் கண்ணுக்கு ஒன்றைக் காட்டுகிறது, கை விட்டுவந்த வீட்டையே எழுதுகிறது. மாதவையாவுக்கும் இதுதான் நடந்தது என்று எனக்குப் படுகிறது. வேலை கஞ்சத்திலும் கடலோர அளங்களிலும். பத்மாவதியும் முத்துமீனாக்ஷியும் திருநெல்வேலி பிராமண வீடுகளுக்குள். டிராலப் விஷயம் வேறு. தபால் வேலையாய் சாலிஸ்பரி போன இடத்தில் கண்ட தேவாலயமே அவருக்கு நாவலாகிவிட்டது. சொந்த பாஷை பேசும் சொந்த நாட்டில் சுற்றியவர் அவர்.

உப்பளக் கூலியை நடுவில் வைத்த தமிழ் நாவல் ‘கரிப்பு மணிகள்’ 1979இல்தான் வந்தது. எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடிக்கு அதற்காகவே போய், அளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டு எழுதினார். பயணத்தில் நாவல் எழுதுவது ஒன்று, நாவலுக்காகப் பயணம் போவது வேறொன்று. ‘கரிப்பு மணிக’ளில் விசாரித்தறிந்த தகவலின் வாடை பல இடங்களில் போகவில்லை, மாதவையாவின் அடுக்களைகளில் அந்த வாடையே கிடையாது. ஆனால் அந்த அடுக்களைகளில் கிடந்த உப்பு எந்த அளத்தில் யார் வாரியது என்பது, அதை நிறுத்து வரி வாங்கிய இலாகாவின் அதிகாரிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.