பட்டுக்கோட்டையில் கொசு பிடித்தவர்கள்: 'பற்றாக்குறை' என்கிற கணக்கு பற்றி

எங்க அப்பாயி காலத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பேசும்: மேட்டூர்த் தண்ணி வர்றதுக்கு முந்தி, வந்ததுக்குப் பிந்தி. முந்தி வரகும் கேழ்வரகும். பிந்தி நெல்லும் குளிர்காய்ச்சலும். 'தண்ணி வந்துச்சு, கூடவே நடுக்கமும் வந்துச்சு' என்று அது சொன்னதைப் பாட்டி கதை என்று பல வருஷம் ஒதுக்கி வைத்திருந்தேன். பிறகு பழைய மலேரியா ஆய்வுகளைப் புரட்டியபோது எங்கள் தாலுகாவின் பெயர் தலைப்பிலேயே இருந்தது.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. கல்லணைக் கால்வாய், எங்கள் வழக்கில் 'புது ஆறு', அதுவரை வானம் பார்த்துக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் சீமையை நஞ்செய் ஆக்கியது. தேங்கிய நீரில் அனாஃபிலிஸ் கூலிசிஃபேசிஸ் என்ற கொசு பெருகியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸலும் அவரோடு மேனன், ராமச்சந்திர ராவ், பொறியாளர் நைப் முதலானோரும் 1930களின் பிற்பகுதியில் இங்கே ஆய்வு நடத்தினார்கள். நாற்று ஓரடி உயரம் வளர்ந்துவிட்டால் அந்த வயலில் இந்தக் கொசு முட்டையிடுவதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மைகளில் ஒன்று. பைரித்ரம் என்ற ஒருவகைச் சாமந்திப் பூவின் சாற்றை வீட்டுக்குள் தெளித்துக் கொசுவைக் கொல்லும் முறையையும் சோதித்தார்கள். டி.டி.டி. வருவதற்கு முந்திய காலம் அது. பைரித்ரம் சுவரில் நிலைத்து நிற்காது. ஆகவே திரும்பத் திரும்ப ஆள் போய் அடிக்க வேண்டும்.

அந்த 'ஆள்' யார்? கட்டுரைகளுக்கு மேலே நிபுணர்களின் பெயர் இருக்கிறது. தொழுவத்திலும் குடிசையிலும் கொசு பிடித்தவர்கள், வாய்க்காலில் மொண்டு புழு எண்ணியவர்கள், தெளிப்பான் சுமந்தவர்கள் ஆகியோர் 'முறை' என்ற தலைப்புக்குள் கரைந்துபோகிறார்கள். உழைப்பு பதிவாகிறது, உழைத்தவர் பதிவாவதில்லை. மருத்துவம் பற்றிய நமது சொல்லாடலில் இது தற்செயலான விடுபடல் என்று நான் நினைக்கவில்லை.

1946இல் வந்த ஜோசப் போர் குழுவின் அறிக்கையைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ், 60,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று அது கணக்குச் சொன்னது. 60,000 பேருக்கு ஒருத்தி என்றால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் தாமாகவா பிறந்தன? எங்கள் ஊரில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சாதிப் பெண்கள். பயிற்சி பெறாதவர்கள் என்பதால் கணக்கில் வரவில்லை. அன்றைய டாக்டர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டம் பெறாத எல்.எம்.பி.க்கள். இனி பட்டதாரி டாக்டர் ஒருவகைதான் இருக்க வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தது. ஆள் பஞ்சம் இருக்கையில் எல்.எம்.பி. படிப்பை மூடக்கூடாது என்று ஆறு உறுப்பினர்கள் மாற்றுக் கருத்து எழுதினார்கள். படிப்பு மூடப்பட்டது.

இதை வைத்துப் பழமையைப் போற்றிவிட முடியாது. மருத்துவச்சியின் தொழில் சாதி சுமத்திய தொழில், கூலி நெல் அளவு. இரத்தப்போக்கு நிற்காமல் செத்தவர்களின் பெயர்களையும் அப்பாயியே சொல்லும். 'கிராமத்தானுக்கு அரை டாக்டர், பட்டணத்தானுக்கு முழு டாக்டரா?' என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் நடந்தது என்ன? முழு டாக்டர் பட்டணத்தில் தங்கினார். கிராமத்து வேலையைப் பெயரில்லாத கைகளே தொடர்ந்து செய்தன.

எங்கள் பெரியப்பா அப்படி ஒரு கை. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின், டி.டி.டி. அடிக்கத் தற்காலிக ஆளாகப் போனார். நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி என்று மதிப்பிடப்பட்ட மலேரியா 1965 வாக்கில் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. 1976இல் மறுபடி 64 லட்சம். கொசு மருந்துக்குப் பழகிவிட்டது ஒரு காரணம். காய்ச்சல்காரரைத் தேடி வீடு வீடாகப் போகும் வேலை தளர்ந்தது இன்னொரு காரணம். ஒழிந்துவிட்டது என்று நம்பியதும் ஆளைக் குறைப்பதுதான் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றும். பெரியப்பா வயல் வேலைக்குத் திரும்பிவிட்டார். டாக்டர் பற்றாக்குறையைப் பேசிய எந்த அறிக்கையிலும் அவர் காணாமல்போனது ஒரு இழப்பாக எழுதப்பட்டதில்லை.

பற்றாக்குறையைத் தீர்க்கத் தமிழ்நாட்டுக்குத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் அரசு டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்கியதால் டாக்டர்கள் கிராமத்துக்கு வந்தார்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு நெருக்கடி வந்தபோது வழக்காடி, மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் 2020இல் தீர்ப்பும் வாங்கினார்கள். அதாவது, கீழே நிற்பவருக்கு மேலே ஏறப் படி இருந்தால் அவர் கீழே வந்து நிற்பார். இந்தப் பாடம் டாக்டரோடு நின்றுபோனதுதான் சிக்கல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் சுய உதவிக்குழுப் பெண்களுக்கு வைத்த பெயர் 'தன்னார்வலர்'. கிடைப்பது ஊக்கத்தொகை. ஐந்து வருஷம் வீடு வீடாக நடந்த பெண் நர்ஸ் படிப்பில் சேர வழி உண்டா, அந்த அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

போன மழையில் எங்கள் வீட்டுத் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்க ஒரு பெண் வந்தார். டார்ச்சை அடித்து, புழு இல்லை என்று உறுதி செய்து, அட்டையில் தேதி எழுதினார். ரஸ்ஸலின் ஆட்கள் இதே மண்ணில் செய்த அதே வேலை.

'உங்க வேலைக்குப் பேர் என்னம்மா?'

'டெங்கு மஸ்தூர்னு சொல்வாங்க சார். தினக்கூலிதான்.'

மஸ்தூர் என்றால் கூலியாள். மூடியைச் சரியாகப் போடச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.