முளை நெல்லில் பிறந்த மது

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் கரையில் செங்கம் இருக்கிறது. சங்க காலத்தில் அது செங்கண்மா. நன்னன் ஆண்ட ஊர். அவனைத் தேடி மலைவழியே வரும் கூத்தர்களுக்கு, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் மதுவும் நெல்லில் வடித்த நறவும் கிடைக்கும் என்கிறது 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம்.

தேனில் தண்ணீர் கலந்து வைத்தால் தானே புளித்துவிடும். அரிசி அப்படியில்லை. அதில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை நேரடியாக உண்ணாது. மாவைச் சர்க்கரையாக்கும் வழி தெரிந்த பிறகே அரிசி மது பிறக்க முடிந்தது.

ஜப்பானியர் அந்த வழியைக் கோஜி என்ற பூஞ்சையில் கண்டார்கள். ஆவியில் வெந்த அரிசிமேல் அதை வளர்த்து, நொதிக்க வைத்து, சாக்கே வடித்தார்கள். கியோட்டோ ஃபுஷிமியின் கெக்கெய்கன் ஆலை 1637இல் தொடங்கியது. கோஜி கொண்டு சாக்கே வடிக்கும் மரபை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தமிழர் நம்பியது நெல்லின் முளையை. விதை முளைவிடும்போது அதனுள் அமைலேஸ் என்ற நொதி சுரந்து, மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. காஞ்சியின் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையையே சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். ஆற்றுவதில்தான் அனுபவம் இருக்கிறது: கொதிக்கும் கூழில் முளையைக் கொட்டினால் நொதி அழிந்துபோகும்.

அதே பாட்டு, வீட்டிலேயே காய்ச்சிய நெல் மதுவைத் தோப்பி என்கிறது. வீட்டுக்கு வீடு நடந்த வேலை என்பதால் கெக்கெய்கன் போல ஓர் ஆலையின் பெயரோ தொடங்கிய ஆண்டோ அதற்கு வாய்க்கவில்லை. ஆனால் அந்த நுட்பம் இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நாகாலாந்தின் அங்காமி நாகர்கள் முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்தே ஸுதோ என்ற அரிசி மதுவை வடிக்கிறார்கள்.

நொதி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், முளைக்கு அந்த ஆற்றல் உண்டென்று நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். குடியை ஏற்காதவர்களும் பெருமைப்பட வேண்டிய அறிவு இது. இட்லி மாவின் புளிப்பைப் பாடமாக நடத்தும் நம் உணவு அறிவியல் வகுப்புகளில் தோப்பிக்கும் ஒரு பாடம் வேண்டும்.